தலையணைக்கு அடியில்

ரெஜினாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி அரை மணி நேரம் ஆகிறது. ஆயர் இல்லத்தின் இந்த நீளமான வராந்தாவில் நான் மட்டும்தான். உட்கார ஒரு பெஞ்சு, எதிர்ச் சுவரில் பழைய ஆயர்களின் படங்கள், தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. விசிறியில் கண்டென்சர் போய்விட்டது, சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். சுவரோரமாக வயரை ஆணியடித்து இழுத்திருக்கிறார்கள், ஒரு இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிகிறது. போகும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும். உள்ளே அவள் இந்நேரம் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருப்பாள். உங்கள் மகள் தலையணைக்கு அடியில் அந்தப் படத்தை வைத்தது யார் என்று கேட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் சாமி என்று சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். அவளுக்கு அப்படித் தெரியும்படி செய்தவன் நான். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். அதே வேதாகமம், அதே கேள்வி. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என் கையைப் பிடித்து ஒரு புத்தகத்தின் மேல் வைத்து இதைக் கேட்டதில்லை. திருவிழா மேடையில் மைக்கைக் கொடுத்துக் கேட்டார்கள், தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் கேட்டார்கள், மகள் ஜெசிந்தா கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். சொன்னேன். சொல்லச் சொல்லச் சரளமாக வந்தது. ஒரு கட்டத்தில் நான் முழங்காலில் இருந்தது எனக்கே ஞாபகம் இருப்பதுபோல ஆகிவிட்டது, சிமெண்டுத் தரை முழங்காலில் சில்லென்று பட்டதுகூட. பட்டதே இல்லை. நான் அப்போது வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன், செருப்புக் காலோடு.

எங்கள் பங்குக் கோயிலில் சூசைநாத சுவாமியின் கல்லறை இருக்கிறது. காலராவில் பிணம் தூக்க ஆளில்லாத வருஷத்தில் தானே தூக்கிப் புதைத்து, கடைசியில் அதே காலராவில் போனவர். எங்கள் ஊர் ஆட்களுக்கு அவர் எப்போதோ புனிதர். புனிதர் பட்டம் கொடுக்க ரோமாபுரிக்கு அது போதாது. ஒரு புதுமை வேண்டும், மருத்துவர்களால் விளக்க முடியாத ஒரு அற்புதம், கையெழுத்தும் சாட்சியும் உள்ளது. கேட்டதும் பங்கு மக்கள் எல்லோரும் ஒரே வாயாக, நம்ம லைன்மேன் பிலவேந்திரன் மகள் இருக்கிறாளே என்றார்கள். மூளைக்காய்ச்சல், பதினோரு நாள் நினைவில்லை, டாக்டர் கைவிட்டாச்சு, அவள் அப்பா அந்தச் சுவாமியின் அங்கித் துணி ஒட்டிய படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து முழங்காலில் விழுந்தார், சாயங்காலம் பிள்ளை கண் திறந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகூடக் கிடைத்துவிட்டது. அதில் அந்த டாக்டர், குணமானதன் காரணம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாராம். விசாரணைக்குப் பொறுப்பான ஃபாதர் சேசுராஜ் போனில் சொன்னபோது அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணே, உங்க சாட்சிதான் தூணு மாதிரி." போனை வைத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து காலைக் கழுவினேன். காலில் அழுக்கு ஒன்றும் இல்லை.

காய்ச்சல் வந்தபோது ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. அவள் தம்பி பிறந்து ஏழு நாள், ரெஜினாளுக்குப் பச்சை உடம்பு, கைக்குழந்தையோடு அந்த வார்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பெரியாஸ்பத்திரியில் நான் தனியாக. அடுத்த கட்டிலில் இன்னொரு பெண் குழந்தை, இதே காய்ச்சல், இதே வயது. கருங்காட்டுப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். அவள் அம்மா பெயர் பஞ்சவர்ணம். புருஷன் இல்லை, கல் குவாரியில் வேலை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதில் அந்தப் பக்கம் ஒரு பாட்டில், இந்தப் பக்கம் ஒரு பாட்டில். நான் டீ வாங்கப் போனால் அவள் என் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி மாற்றுவாள், அவள் குளிக்கப் போனால் நான் அவள் பிள்ளைக்கு மாற்றுவேன். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை. ரெஜினாள் மூன்றாம் நாளே மச்சான் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பிவிட்டாள், அவள் அம்மா காலத்துப் படம், மூலையில் கறுப்பாக நகக்கண் அளவு துணி. தலையணைக்கு அடியில் வைத்துச் செபம் சொல்லுங்கள் என்று சீட்டு எழுதியிருந்தாள். வைத்தேன். சொன்னேன். ஒன்பதாம் நாள் காலையில் டாக்டர் வந்து பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, என் முகத்தைப் பார்க்காமல், "சொந்தக்காரங்க யாராவது வரணும்னா வரச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்குள் எது அறுந்ததோ. கத்தவில்லை, அழவில்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, சப்-ஸ்டேஷனில் இருக்கிறவன் லைனை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் அதை நம்பித்தான் ஏறுவோம், ஆனாலும் தொடுவதற்கு முன் கரண்டு இருக்கிறதா என்று எர்த் ராடு போட்டுப் பார்ப்போம். போட்டுப் பார்த்துவிட்டேன், அங்கே ஆள் இல்லை, இதுதான் எனக்குத் தோன்றியது. தலையணையைத் தூக்கிப் படத்தை எடுத்தேன். கிழிக்க மனசு வரவில்லை, ரெஜினாளின் அம்மா வைத்திருந்த படம். பக்கத்தில் பஞ்சவர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தாம்மா, நீ வேணா வச்சுக்க. எனக்கு நம்பிக்கை இல்லை" என்று அவள் கையில் கொடுத்தேன். குப்பைத்தொட்டி தூரத்தில் இருந்தது, அவள் கை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். "இவரு யாருண்ணே?" என்றாள். "ஒரு சாமியார். செத்துப் போய் நூறு வருஷம் ஆச்சு." "கேட்டா குடுப்பாராண்ணே?" அவள் படத்தைக் கண்ணில் ஒற்றித் தன் பிள்ளையின் தலைக்கு அடியில் வைத்தாள்.

வராந்தாவில் ஒரு கன்னியாஸ்திரி ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போகிறார். தோத்திரம் சிஸ்டர் என்று எழுந்திருக்கிறேன். தண்ணீர் குடித்தீர்களா ஐயா என்கிறார். குடித்தேன் என்கிறேன். குடிக்கவில்லை. பார், இவ்வளவு லேசாக வருகிறது. எதற்காகச் சொன்னேன், அவருக்குச் சிரமம் வேண்டாமென்றுதானே. அன்றைக்கும் அப்படித்தான், ரெஜினாளுக்குச் சிரமம் வேண்டாமென்று. இல்லை, அது மட்டும் இல்லை. பதினோராம் நாள் மத்தியானம் டீக்கடையிலிருந்து வருகிறேன். வார்டு வாசலில் திரை. திரையை விலக்கப் போனவன் அப்படியே நின்றேன். பஞ்சவர்ணம் என் பிள்ளையின் கட்டிலருகே நிற்கிறாள். அன்று காலையில்தான் அவள் பிள்ளைக்கு மூச்சுத் திணற ஆரம்பித்து, இனி சாயங்காலம்வரைகூடத் தாங்காது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கையில் அந்தப் படம். ஜெசிந்தாவின் தலையைப் பூப்போலத் தூக்கித் தலையணைக்கு அடியில் செருகினாள். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு பேசினாள், செபம் மாதிரி இல்லை, ரேஷன் கடைக்காரரிடம் பேசுவதுபோல. "எம் புள்ளைக்குக் கேட்டேன், நீ குடுக்கல. சரி. உங்க ஆளுங்க புள்ளைக்காச்சும் குடு. அந்த அண்ணன் ஒன்னும் சாப்புடாம கெடக்குறாரு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு என்ன பண்ணப் போற." அவ்வளவுதான். தன் பிள்ளை கட்டிலுக்குத் திரும்பிப் போய்க் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. செத்துப் போன ஆள் என்று சொல்லி நான் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு அவள் அந்த ஆளிடம் சண்டை போட்டு எனக்கு வாங்கிக் கொடுக்கிறாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு நர்ஸ் ஓடி வந்தார், "உங்க பொண்ணு கண்ணு முழிச்சிருச்சு, வெளிச்சம் கூசுதுங்குது." ஆறரைக்கு அடுத்த கட்டிலில் துணி மூடினார்கள். பஞ்சவர்ணத்தின் அண்ணன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் போகும்போது ஜெசிந்தாவின் போர்வையை இழுத்துவிட்டாள். நான் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்திருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும், கூடப் போயிருக்க வேண்டும். நான் பிள்ளைக்குப் பால் வாங்கப் போனேன்.

மறுநாள் காலையில் கண் திறந்த பிள்ளையைப் பார்க்க ரெஜினாளை விட்டார்கள். பச்சை உடம்புக்காரி, படியேறி மூச்சு வாங்க வந்தாள். பிள்ளையைத் தடவினாள், தலையணையைச் சரி பண்ணினாள், படம் கையில் தட்டுப்பட்டது. என்னைப் பார்த்தாள். "நீங்களா வச்சீங்க? கடைசிவரைக்கும் வச்சிருந்தீங்களா? உங்களுக்கு நம்பிக்கை விட்டுப் போயிருமோன்னுதாங்க நான் அங்க பயந்துக்கிட்டே கெடந்தேன்." நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தலையாட்டல். அவள் முகம் அப்போது இருந்த விதம் இருக்கிறதே. அந்த முகத்துக்காகத்தான் ஆட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் முகத்துக்குப் பின்னால் அந்தக் காலிக் கட்டிலும் தெரிந்தது, மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள், அதைப் பற்றி அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. கேட்டாள்கூட. "பக்கத்துல யாரு இருந்தா?" "யாரோ கிராமத்துக்காரங்க. போயிட்டாங்க" என்றேன். போயிட்டாங்க. சொன்னது பொய்யில்லை. எத்தனை வகையாக உண்மை சொல்லலாம் பாருங்கள்.

கதவுக்குப் பின்னால் தட்டச்சு மாதிரி சத்தம் கேட்கிறது, பிறகு நிற்கிறது. ரெஜினாள் அழுகிறாளா? இல்லை, அது விசிறி. நெஞ்சுக்குள் ஒரு பயம் வெகுநாளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது, பேசவே வெட்கமான பயம். நான் உண்மையைச் சொன்னால் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று, கரூரில் வங்கியில் வேலை, ஒரு பிள்ளை. அவளுக்குத் தலைவலி என்று மாப்பிள்ளை போனில் சொன்னால் காய்ச்சல் இருக்கா, வெளிச்சம் கூசுதா என்று கேட்பேன். பொய்யின் மேல் நிற்கிற சுகம், பொய்யை உருவினால் விழுந்துவிடும். இதை ஒரு லைன்மேன் நினைக்கலாமா, கம்பம் எதில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாதா. தெரியும். ஆனாலும் இரண்டு முறை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் வாய்வரை வந்து வேறு எதையோ சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தால்? என் ஆறு நாள் செபத்தையும் கேட்டு, நான் படத்தை உருவிக் கொடுத்ததையும் பார்த்து, அவள் தன் பிள்ளைக்காக மன்றாடியதையும் கேட்டு, கடைசியில் எனக்குக் கொடுத்தார் என்றால், அவர் எப்படிப்பட்டவர்? அவள் பிள்ளை என்ன குறைச்சல்? இதற்கு எந்தச் சாமியாரும் பதில் சொல்ல முடியாது. சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். யாருமே கேட்கவில்லை, காய்ச்சல் தன்னால் இறங்கியது என்றால் எல்லாம் சுலபம். ஆனால் அது என்னால் முடியவில்லை. வாசலில் நின்று நான் கேட்டேனே, அந்தக் குரல் காற்றில் போனதாக என்னால் நினைக்க முடியவில்லை. நம்பிக்கை என்று எனக்கு இருப்பது அவ்வளவுதான், அவள் பேசியது யாருக்கோ கேட்டது.

பஞ்சவர்ணத்தை ஒரே ஒரு தடவை திரும்பப் பார்த்திருக்கிறேன். புயலடித்த வருஷம், ஊர் ஊராகக் கம்பம் நட அனுப்பினார்கள். கருங்காட்டுப்பட்டி என்றதும் வேறு ஆளைப் போடச் சொல்லலாமா என்று பார்த்தேன், ஆளில்லை. அவள் வீட்டு வாசலிலேயே கம்பம் சாய்ந்து கிடந்தது. தலை நரைத்திருந்தாள், தடி ஊன்றியிருந்தாள், குவாரியில் கால் போயிருக்கிறது. என்னைப் பார்த்தவுடன், "அண்ணே, பாப்பா எப்படியிருக்கு?" என்றாள். பதினாறு வருஷம் கழித்து, முதல் வார்த்தை. "பேங்க்ல வேலை பாக்குறாம்மா. கல்யாணம் ஆயிருச்சு." "அப்பாடா" என்றாள். அவள் முகத்தில் ஒரு துளி வஞ்சம் இல்லை. சொம்பில் மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். நன்றி என்று வாயில் வந்தது, மோருக்கு என்று நினைத்துக்கொள்வாளோ என்று விழுங்கிவிட்டேன். லைன் சரியானதும் அவள் வீட்டு பல்பு எரிந்தது, அவள் கும்பிட்டாள், நான் ஜீப்பில் ஏறினேன். வீட்டுக்கு வந்து ரெஜினாளிடம் மழை, சேறு, சாப்பாடு சரியில்லை என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

கதவு திறக்கிறது. ரெஜினாள் வருகிறாள், கண் சிவந்து, முகம் தெளிவாக. நற்கருணை வாங்கிவிட்டு வரும்போது இருக்குமே அப்படி. "போங்க. பயப்படாம சொல்லுங்க. உங்களைப் பத்தித்தான் நெறையச் சொன்னேன்" என்கிறாள். எழுந்து போகிறேன். உள்ளே மூன்று பேர். நடுவில் ஃபாதர் சேசுராஜ், ஒரு பக்கம் வயதான டாக்டர், இன்னொரு பக்கம் தட்டச்சு செய்கிற இளம் குருவானவர். வேதாகமத்தில் கை வைக்கச் சொல்கிறார்கள். அட்டை குளிர்ச்சியாக இருக்கிறது, இவர்கள் அறையில் ஏசி. உண்மையைச் சொல்வேன், உண்மையை மட்டுமே சொல்வேன். சொல்லி முடித்த கையை எடுக்காமலேயே, "சாமி, என் வீட்டுக்காரி சொன்னது அவளுக்குத் தெரிஞ்சது. நடந்தது வேற" என்கிறேன். பிறகு நிறுத்த முடியவில்லை. திரை, செருப்பு, டீ, அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும். தட்டச்சுச் சத்தம் நடுவில் நின்றுவிட்டது. ஃபாதர் அந்தத் தம்பியைப் பார்த்து, "அடிங்க, விடாம அடிங்க" என்கிறார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "நீங்க செபிக்கவே இல்லையா?" என்கிறார் ஃபாதர். "கடைசி ரெண்டு நாள் இல்லைங்க." "அந்தம்மா ஞானஸ்நானம் வாங்கினவங்களா?" "இல்லைங்க. இந்துக்காரங்க." "அந்தப் பிள்ளை?" "இறந்திருச்சு சாமி." அந்த வரியும் தட்டச்சில் விழுகிறது. "கெட்டுப் போச்சா சாமி? பட்டம் கிடைக்காதா?" என்று கேட்கிறேன். சேசுராஜ் சாமி தன் பேனாவை மூடுகிறார். "எனக்குத் தெரியலண்ணே. இன்னைக்கு உங்ககிட்ட வேற ஒரு கதை கேக்க வந்தேன், கேட்டது இது. அந்தம்மா இருக்காங்கன்னா அவங்களைத்தான் கேக்கணும். விலாசம் சொல்லுங்க." சொல்கிறேன். தாளைப் படித்துக் காட்டுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுந்தவன் கேட்டேன், "வீட்டுல சொல்லலாமா?" "இங்க கேட்டது, நீங்க சொன்னது வெளிய போகக் கூடாது. உங்க வாழ்க்கையில நடந்ததை உங்க மனைவிகிட்டச் சொல்ல நான் யாரு தடுக்க?" என்றார்.

வாசல் கேட்டைத் தாண்டிப் பேருந்து நிலையம்வரை நடக்கும் தூரம் கால் மணி நேரம். வேப்பமரத்தைத் தாண்டும்முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், தாண்டிவிட்டோம். பெட்ரோல் பங்க் வந்தது, அதன் முன்னால் நின்று சொன்னேன். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முடிந்ததும் ரெஜினாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இருவத்திரெண்டு வருஷமா" என்றாள். "மைக்கைப் புடிச்சு." பிறகு முன்னால் நடந்துவிட்டாள். நான் பின்னால். அவள் முதுகைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நினைத்துக்கொண்டே போனேன், நம்பிக்கை என்று அவள் என்னிடம் பார்த்தது எல்லாம் இப்போது என்ன ஆகும், இன்று சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அவள் என் பக்கம் உட்காருவாளா. பேருந்து நிலையத்தில் எங்கள் ஊர் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவள் அதைத் தாண்டிப் போய் நேரக்காப்பாளர் அறையில் எதையோ கேட்டாள். திரும்பி என்னிடம் வந்து, "கருங்காட்டுப்பட்டிக்கு ஒன்னே முக்காலுக்கு வண்டியாம்" என்றாள். "இப்பவா? சாட்சி சம்பந்தமா நாம அந்தம்மாகிட்டப் பேசக் கூடாதும்பாங்க, ரெஜினா. அவங்களை விசாரிக்கணும்." "சாட்சியைப் பத்தி யாரு பேசப் போறா? ஒரு புள்ள செத்துப் போயிருக்கு. நாம இன்னும் துக்கம் கேக்கப் போகல. அதுக்கு எந்த ஆயரு அனுமதி குடுக்கணும்?" அவள் குரல் கரகரத்தது. கோபம் அதில் இருந்தது, போகவில்லை. ஆனால் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கருங்காட்டுப்பட்டி வண்டியில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தாள். கிளம்ப நேரமிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. எதிரே பழக்கடை, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று இறங்கப் போனேன். "எங்க போறீங்க?" "ஆப்பிள் ஏதாச்சும் வாங்கலாம்னு." ரெஜினாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "துக்க வீட்டுக்கு யாராச்சும் பழம் வாங்கிட்டுப் போவாங்களா? வந்து உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.